சகலையோட மதர்போர்டு

மேல வெக்க வேண்டாமுங்க, வேண்டாமுங்க. அது மடியிலயே இருக்கட்டும். கண்டக்டர் கத்துனாக் கத்தட்டும், இதுக்கும் ஒரு டிக்கெட்டுன்னா வாங்கிக்கறேன். பல்லடம் தாண்டிட்டா ரோடு பூராக் குழி. மேல பலகையில வெச்சம்னா உடுமலை போறதுக்குள்ள உள்ள இருக்கறதெல்லாம் களண்டு கொட்டிப்போகும். நீங்க சித்த அந்தப் பக்கம் நகந்தீங்கன்னாப் போதும். ஆங், அவ்வளவுதான். புண்ணியமாப் போகும்.

மிக்சியா? இல்லீங்க, கம்ப்யூட்டருங்க. கூடு போடாத கம்ப்யூட்டரு. எனக்குத் திருப்பூருல காங்கயம் ரோட்டுல கடை. சென்னியப்பன்னு பேரு. நீங்களும் உடுமலைதானுங்களா? அப்பறமென்ன, நேரம் கெடக்குது.

மதர்போர்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு தட்டு. மூளை, நெனப்பு, டிஸ்க்கு, அத்தனையும் அதும்மேலதான் உக்காந்திருக்கும். அது நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்கும். இத யாருகிட்டச் சொன்னாலும் ஒத்துக்குவாங்க. எந்தக் கம்பெனி போர்டு நல்லதுங்கறதுலதான் வம்பே. நான் விக்கறது நீலப் பெட்டியில வர்ற போர்டு. இருபது வருசமா அதுதான். என்ற சகலை திருமூர்த்தி இருக்காரே, உடுமலையில கடை வெச்சிருக்காரு, அவரு விக்கறது செவப்புப் பெட்டி. கேட்டா, அதுதான் ஒசத்திம்பாரு. நல்ல மனுசன்தானுங்க. புத்திதான் மட்டு.

நானும் அவரும் அக்கா தங்கச்சியக் கட்டுனவங்க. அக்கா பூங்கொடி எனக்கு, தங்கச்சி சுகந்தி அவருக்கு. ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், ஒரே பந்தியில சாப்பாடு. கட்டுன நாள்ல இருந்து ஒரு விசேசம் பாக்கியில்லீங்க, ரெண்டு பேரும் போர்டுச் சண்டை போடாம வந்ததில்ல. காதுகுத்துல போட்டோம். வளைகாப்புல ஆம்பளைங்களுக்கு என்ன வேலைன்னு வெளிய தொரத்துனாங்க, வாசல்ல நின்னு போட்டோம். மாமியா எறந்து எடுக்கற அன்னைக்கு, பந்தல்ல சேர் போட்டு உக்காந்திருக்கறோம், இவரு மெதுவா எம்பக்கம் சாஞ்சு, "சகலை, உங்க நீலத்துல புதுசா வந்திருக்கறது சூடாகுதாமே"ன்னு கேக்கறாரு. எழவு வீட்டுலீங்க! நான் விடுவனா? சூடாகறது யாருதுன்னு அங்கயே கணக்குச் சொல்லிட்டேன். ஒறம்பரைச் சனமெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. ஆரம்பிச்சது அவருங்க, நான் பதில்தான் சொன்னேன்.

மாமியா தங்கமானவங்க. வேலாத்தான்னு பேரு. தொண்டையில ஆப்பரேசன் பண்ணி, பத்துப் பன்னண்டு வருசமாப் பேச்சு இல்ல. எல்லாம் சைகைதான். நாங்க ரெண்டு பேரும் சாப்புடும்போது நாயம் கேட்டு அவங்ககிட்டப் போவோம். "நீங்களே சொல்லுங்கத்தே, யாரு சொல்றது சரி?" அவங்க எம்மூஞ்சியப் பாப்பாங்க, அவரு மூஞ்சியப் பாப்பாங்க, அப்பறம் கையால எலையக் காட்டுவாங்க. சாப்புடுங்கடான்னு அர்த்தம். கடைசி வரைக்கும் தீர்ப்புச் சொல்லாமயே போயிட்டாங்க.

அவங்களுக்கு நாளைக்கு மொத வருசம் கும்பிடறோம். அதுக்குத்தான் போறேன். கதையே அங்கதான் ஆரம்பிக்குது, கேளுங்க.

வருசம் கும்பிடறதுக்கு வீட்டச் சுத்தம் பண்ணும்போது சுகந்திக்கு எங்க கல்யாண கேசட்டு கெடச்சிருச்சு. அந்தக் காலத்துப் பெரிய கேசட்டு. அதுல மாமியா பேசறது இருக்குது. நல்லா இருந்தப்போ அவங்க பேசுன பேச்சு வேற எங்கயும் பதிவே இல்லீங்க, அது ஒண்ணுதான். அக்காளும் தங்கச்சியும் போன்ல அழுவறாங்க, சிரிக்கறாங்க. "அம்மா கொரலு எப்படி இருக்கும்னே மறந்துருச்சுடி"ங்கறா பூங்கொடி. வருசத்துக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்னு முடிவு பண்ணிட்டாங்க.

திருப்பூருல ஃபிலோமினாக்கான்னு ஸ்டூடியோ வெச்சிருக்காங்க, நம்ம கஸ்டமரு. அவங்ககிட்டக் குடுத்தோம். கேசட்டு பூராப் பூஞ்சை. அவங்க பாவம், தொடச்சுத் தொடச்சு ஒருக்கா ஓட்டிக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. முடியறப்போ நாடா அறுந்தே போச்சு. "சென்னியப்பன், இனி அந்தக் கேசட்டு ஓடாது. இந்த டிஸ்க்குல இருக்கறதுதான் எல்லாம். படம் ஒரே புள்ளி புள்ளியா இருக்குது, சத்தம் எரைச்சலா இருக்குது. அதத் தெளிய வெக்க சாப்ட்வேர் இருக்குது, ஆனா எம் மெசினுல போட்டா ரெண்டு நாள் ஆகும். நீங்க கடையில பெரிய மெசினா வெச்சிருக்கீங்க, ஒருக்கா ஓட்டி எடுத்துக்கோங்க"ன்னாங்க. அன்னைக்கே காப்பி பண்ணிக்கிட்டு அவங்க டிஸ்க்கத் திருப்பிக் குடுத்துட்டேன். அவங்களுக்கு முகூர்த்த சீசன், வேற கல்யாணத்த அதுல ஏத்தணுமில்ல.

இத நான் சும்மா ஒரு வார்த்தை சகலைகிட்டப் போன்ல சொன்னேன். நாலு மணி நேரம் மெசினு மூச்சு விடாம ஒழைக்கற வேலைன்னு. ஒடனே கேக்கறாரு: "சகலை, நான் நெனைக்கறதையே நீங்களும் நெனைக்கறீங்களா?"

நெனைச்சேனுங்க. எப்படி நெனைக்காம இருக்கறது? இருபது வருசமா வாய்ச்சண்டைதான். பெஞ்ச்மார்க்குன்னு சாப்ட்வேர் இருக்குது, ரெண்டு போர்டுக்கும் ஒரே வேலையக் குடுத்து மார்க்குப் போடும். அதுல நான் செயிச்சா அந்தச் சாப்ட்வேர் சரியில்லம்பாரு. அவரு செயிச்சா, நெசமாலுமே அந்தச் சாப்ட்வேர் சரியில்லீங்க. ஆனா இது சொந்த வேலை, சொந்தக் கல்யாணம். இதுல யாரும் குத்தஞ்சொல்ல முடியாது. பூங்கொடிக்கும் சந்தோசம். "ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து ஒரு வேலை செய்யப் போறீங்களா? அம்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க"ன்னா.

சகலை செவப்புப் பெட்டியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, சுகந்தியையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. எங்க வீட்டுலயே தங்கல், மெசினும் அங்கயே. அப்பறம் பாக்கணுமே நாயத்த! ஒரே பிராசசரு, அதையே களட்டிக் களட்டி ரெண்டுலயும் மாட்டறது. ஒரே ரேமு. ஒரே டிஸ்க்கு. ஒரே ஃபேனு. ஒரே ப்ளக் பாயிண்டு. போர்டு மட்டும்தான் வேற. கோயில்ல பூ போட்டுக் கேக்கற மாதிரி அத்தன சுத்தமா பண்ணோம்.

மொதல்ல நீலம். நாலு மணி நேரம் சொச்சம் ஓடுச்சு. அப்பறம் செவப்பு. அதும் நாலு மணி நேரம் சொச்சம். எவ்வளவு வித்தியாசங்கறீங்க? பதினோரு செகண்டு! நீலம் பதினோரு செகண்டு முன்னாடி! நான் எந்திரிச்சு நின்னுட்டேன். பூங்கொடி காப்பியோட வந்தா. "நாலு மணி நேரத்துல பதினோரு செகண்டா? அதுல நீங்க என்னத்தப் பண்ணப் போறீங்க?"ங்கறா. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க.

சகலை ஒத்துக்கலை. செவப்பு ஓடறப்போ சாயங்காலமாம், பவர்லூமெல்லாம் ஓடறதால கரண்டு இறங்கிருச்சாம். சரி, அப்படியே திருப்பி ஓட்டலாம்னு, தெளிஞ்சு வந்த படத்த மட்டும் அழிச்சுட்டு மறுக்கா ஆரம்பிச்சோம். அழிக்கணுமுங்க. டிஸ்க்கு ரொம்பிருந்தா வேகம் கொறையும், அப்பறம் அதுக்கு ஒரு வழக்கு வரும். மறுக்கா ஓட்டுனதுல செவப்பு ஒம்பது செகண்டு முன்னாடி. அது எப்படின்னு பாத்தா, நீலம் ஓடறப்போ சகலை பக்கத்துல உக்காந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டிருந்தாரு. மனுசன் மூச்சு சூடில்லீங்களா? அழிச்சுட்டு மறுக்கா. அப்பறம் கதவு தொறந்திருந்துச்சுன்னு மறுக்கா. டீ கிளாசு பக்கத்துல இருந்துச்சுன்னு மறுக்கா.

ரெண்டு பொம்பளைங்களும் எங்களுக்குப் பின்னால முக்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. மெசினு வேலை செய்யறப்போ மூலையில சின்னதாப் படம் ஓடும், சத்தம் வராது. அதப் பாத்துச் சிரிப்பாங்க, திடீர்னு மூக்க உறிஞ்சுவாங்க. எதுக்குன்னு நான் திரும்பிப் பாக்கலை. நான் சூட்டு அளவப் பாத்துக்கிட்டிருக்கேன், எண்பது டிகிரி தாண்டக் கூடாதில்ல. "அம்மா என்னமோ பேசறாங்க பாருங்க"ம்பா சுகந்தி. "வாய் மட்டும் அசையுது. சத்தத்தோட எப்ப மாமா பாக்கறது?" அவ வீட்டுக்காரரு, "இரு புள்ள, இந்த ரவுண்டு முடியட்டும்"பாரு. முடிஞ்சதும் நேரத்த எழுதிக்குவோம், அழிச்சிருவோம். எத்தன தடவ ஓட்டிருப்போம்னு கேக்காதீங்க. ஒரு வாரம் கடையில யாவாரமே இல்ல.

முந்தாநேத்து கடைசி ரவுண்டு. நாயமா ஒரு யோசனை சொன்னாரு சகலை. பழைய குப்பை எதும் இல்லாம, டிஸ்க்கப் பூராத் தொடச்சு, எல்லாத்தையும் புதுசா ஏத்தி ஓட்டலாம்னு. சரியான யோசனைதான். "தொடைக்கட்டுமா?"ன்னேன். "தொடைங்க"ன்னாரு. அமுக்குனேன். அமுக்கி முடிச்சு, "சரி, படத்த எடுங்க சகலை"ங்கறேன்.

"எங்கிட்ட எங்க இருக்குது? உங்ககிட்டத்தான காப்பி இருக்குது?"

"நான் காப்பி வெச்சிருந்தது இந்த டிஸ்க்குலதானுங்களே."

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். ஃபிலோமினாக்காவுக்குப் போன் போட்டேன். அவங்க டிஸ்க்குல இந்நேரம் மூணு கல்யாணம் ஏறி இறங்கிருச்சு. கேசட்டு அறுந்து கெடக்குது. அப்பப் பாத்து அக்காளும் தங்கச்சியும் பென் டிரைவ எடுத்துக்கிட்டு உள்ள வர்றாங்க. "ஆச்சா? இதுல ஏத்திக் குடுங்க, நாங்க இன்னைக்கே உடுமலைக்குக் கெளம்பறோம்."

சொல்லித்தான ஆகணும்? சகலை சொல்வாருன்னு நான் பாத்தேன், நான் சொல்வேன்னு அவரு பாத்தாரு. அப்பறம் ரெண்டு பேரும் ஒண்ணா வாயத் தொறந்தோம்.

கத்துவாங்கன்னு நெனச்சேனுங்க. கத்தியிருந்தாத் தேவலை. பூங்கொடி அப்படியே முக்காலியில உக்காந்துட்டா. சுகந்தி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "அம்மா ரெண்டாந்தடவையும் போயிட்டாங்களாக்கா?"ன்னு கேட்டா. எங்களக் கேக்கலை, அவ அக்காளக் கேக்கறா. பூங்கொடி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. "பதினோரு செகண்டு." அவ்வளவுதான். ரெண்டு பேரும் எந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போயிட்டாங்க.

சகலை தலையில கைய வெச்சுக்கிட்டாரு. "நாந்தான் தொடைக்கச் சொன்னேன்"னாரு. அதென்னமோ நெசந்தான். ஆனா அந்த மனுசன் கண்ணுல தண்ணி நிக்கறப்போ ஆமான்னு சொல்ல மனசு வரலை. "அமுக்குனது நானுங்களே"ன்னேன். அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. அவருக்கும் அதே நிமிசம் வந்துச்சுன்னு அவரு சொல்லிக்கறாரு, போகட்டும். டிஸ்க்குல அழிச்சா, அழிஞ்சது பேரு மட்டும்தானுங்க. மேல வேற எதையாச்சும் எழுதற வரைக்கும் சரக்கு உள்ளயேதான் கெடக்கும். நாங்கதான் இன்னும் ஒண்ணும் எழுதலையே! நல்லவேளை, பழைய காலத்துச் சுத்தற டிஸ்க்கு வேற, புது மாதிரின்னா அப்பவே சுத்தமாப் போயிருக்கும். தொடாதீங்க, எதையும் தொடாதீங்கன்னு கத்திக்கிட்டு, இன்னொரு டிஸ்க்க மாட்டி, அழிஞ்சதத் தேடற சாப்ட்வேரப் போட்டோம்.

அப்ப மெசினுல இருந்தது எந்தப் போர்டுங்கறீங்க? செவப்பு. என்றது மேசை மேல கெடந்துச்சு. மாத்தலாமான்னு நானும் கேக்கலை, அவரும் பெருமை பேசலை. அவரு மின்சாரத்தப் பாத்துக்கிட்டாரு, நான் ஃபேனப் பாத்துக்கிட்டேன். சோறு திங்கலை. அது பாட்டுக்குத் தேடுது. ஃபிலோமினாக்கா ஏத்துன மூலப்படம் துண்டு துண்டாத்தான் வந்துச்சு, ஒண்ணுக்கும் ஒதவாது. ஆனா நாங்க ஓட்டி ஓட்டி அழிச்சோமே, அந்தப் படங்க ஒவ்வொண்ணா எந்திரிச்சு வருதுங்க! ஒண்ணுல தலை இல்ல, ஒண்ணுல வாலு இல்ல, ஒண்ணுல தாலி கட்டறதே இல்ல. கடைசியா ஒண்ணு, முழுசு. அத்தன தடவ ஓட்டுனதாலதான் படம் பொழச்சுது. இதப் பூங்கொடிகிட்டச் சொன்னேன். மொறச்சா பாருங்க ஒரு மொறப்பு.

முழுசா இருக்குதான்னு உறுதி பண்ணிக்கணுமில்ல? அதுக்கு மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாத்துத்தான ஆகணும். உக்காந்தோம். அத்தன நாள் ஓட்டுனமே, நானும் அவரும் அந்தப் படத்தப் பாக்கறது அப்பத்தானுங்க மொதத் தடவ.

அடங்கொப்புறானே, என்ன ஒல்லியா இருந்திருக்கறேன்! சகலைக்கு மண்டை பூரா முடி. மணவறையில பொகை அடிச்சு எங்கண்ணு ரெண்டும் செவந்து கண்ணீரா ஊத்துது, அவரு பக்கத்து மணையில இருந்து துண்டால எனக்கு விசிறிக்கிட்டிருக்கறாரு. எனக்கு ஞாபகமே இல்லீங்க. அவருக்கும் இல்ல.

சாப்பாட்டுப் பந்தி வந்துச்சு. வீடியோக்காரன் குசும்பு புடிச்சவன். மாமியா சேலைத் தலப்பச் சொருகிக்கிட்டு ரசம் ஊத்திக்கிட்டு வர்றாங்க. அவங்ககிட்ட மைக்க நீட்டி, "ஏனுங்கம்மா, ஒரே நாள்ல ரெண்டு மாப்பிள்ளை எடுத்திருக்கீங்க. ரெண்டுல எது ஒசத்தி?"ன்னு கேக்கறான். மாமியா நிமுந்து பாத்தாங்க. கணீர்னு கொரலுங்க. அப்படியொரு கொரலு அந்தம்மாளுக்கு இருந்துச்சுன்னே நான் மறந்துட்டேன்.

"இப்பத்தானப்பா ரெண்டையும் வாங்கியிருக்குது! கொஞ்ச நாளு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்!"

பந்தியே சிரிக்குது. அவங்களும் சிரிச்சுக்கிட்டே அடுத்த எலைக்குப் போயிட்டாங்க.

நாங்க சிரிக்கலீங்க. சகலை என்னையப் பாத்தாரு. "சொல்லாமயே போயிட்டாங்களே"ன்னாரு. நான் சொன்னேன், "உங்களத்தான் சொல்லியிருப்பாங்க. ஆஸ்பத்திரியில ராவும் பகலும் நீங்கதான கூட இருந்தீங்க." அவரு, "இல்லீங்க சகலை, உங்களத்தான். அவங்க வீட்டுக்கு ஓடு மாத்துனது யாரு?" நான் அவரங்கறேன், அவரு என்னையங்கறாரு. இருபது வருசத்துல மொத மொதலா இப்படி ஒரு சண்டை. அப்பறம் ஓடு மாத்துனதுல செலவு எச்சா ஆயிருச்சுன்னு ஒரு வார்த்தை விட்டாரு பாருங்க, கோவம் வந்துருச்சு. அதுக்குள்ள பின்னால சத்தம். அக்காளும் தங்கச்சியும் எப்ப வந்து நின்னாங்கன்னே தெரியலை. ரெண்டு பேரு கண்ணுலயும் தண்ணி, ஆனா சிரிக்கறாங்க.

"சொல்லாமயெல்லாம் போகலை"ன்னா பூங்கொடி.

"என்னது?"

"அம்மாகிட்ட நாங்க ஒருக்கா கேட்டோம். கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ. ரெண்டு மாப்பிள்ளையில யாரும்மா ஒசத்தின்னு."

"பேச்சுதான் இல்லியே?"

"வெரலு இருந்துச்சில்ல? கட்டிலுக்கு இந்தப்புறம் ஒருத்தர் தூங்கிக்கிட்டிருந்தீங்க, அந்தப்புறம் ஒருத்தர். வெரல நீட்டிக் காட்டிட்டாங்க."

"யாரு பக்கம்?"

அக்கா தங்கச்சியப் பாத்தா. தங்கச்சி அக்காளப் பாத்தா. "போயி நேரத்த எழுதிக்கிட்டு மறுக்கா ஓட்டிப் பாருங்க"ன்னுட்டு, சிரிச்சுக்கிட்டே ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டாங்க.

அதுல இருந்து, யாரக் காட்டுனாங்கங்கறதே வேலையாப் போச்சுங்க. செவப்பும் நீலமும் யாருக்கு வேணும்? இப்ப மடியில இருக்கறதே செவப்புதான். அதுலதான் படம் கெடச்சுது, களட்டக் கூடாதுன்னு பூங்கொடி உத்தரவு. சகலை நேத்தே போயிட்டாரு, துப்பு எதாச்சும் கெடைக்குதான்னு பாக்க. காலையில இருந்து நாலு தடவ போன் பண்ணிட்டாரு. சுகந்தி வாயே தொறக்கலையாம். எனக்கு என்னமோ நாந்தான்னு தோணுதுங்க. ஏன்னா, நான் வலப்பக்கம் தூங்கிக்கிட்டிருந்தேன், அவங்களுக்குக் கொஞ்சமாச்சும் தூக்க முடிஞ்சது வலது கைதான். என்ன சிரிக்கறீங்க? கணக்கு சரியாத்தான வருது?

இந்தா, குடிமங்கலம் வந்துருச்சு. இன்னும் கொஞ்ச நேரந்தான். வெளையாட்டுக்குச் சொல்றேனுங்க இதெல்லாம். நெசத்தச் சொல்லணும்னா, அவரக் காட்டியிருந்தாலும் பரவால்லீங்க. இருபது வருசம் அந்தம்மா கையால சோறு தின்னு, அவங்க முன்னாடி வாய் ஓயாமச் சண்டை போட்டிருக்கறேன். எலையக் காட்டுனாங்களே தவிர, ஒருநாளும் மூஞ்சியச் சுளிக்கலை. போறப்போ என்னைய எப்படி நெனச்சுக்கிட்டுப் போனாங்க, நல்ல மாப்பிள்ளைன்னா, இல்ல வாயாடின்னா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும். பூங்கொடிகிட்ட நேத்து போன்ல அப்படித்தான் கேட்டேன். "மாமா, நெசமாச் சொல்லட்டுமா? அம்மா ஒருத்தரக் காட்டுனாங்க. கொஞ்ச நேரங் கழிச்சு இன்னொருத்தரையும் காட்டுனாங்க. அப்பறம் ரெண்டு பேருக்கும் போர்வை போத்தி விடச் சொன்னாங்க"ன்னா.

சகலைகிட்ட இத இன்னும் சொல்லலீங்க. மொதல்ல காட்டுனது யாரன்னு கேட்டுக்கிட்டுச் சொல்லலாம்னு இருக்கறேன்.